வலைப்பூவுக்கு வாசகர் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு வட்டாரத்தில் வலைப்பூ எழுதுகிற பலருக்கு நான் தளத்தைச் சரிசெய்து கொடுத்து வருகிறேன். ஊர்க்கோயில் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர், சமையல் குறிப்பு எழுதும் இல்லத்தரசி, ஜவ்வாது மலைப் பயணங்களை எழுதும் கல்லூரி மாணவர் என எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "எழுதுகிறேன், படிக்க ஆள் வரவில்லை." திறந்து பார்த்தால் எழுத்து நன்றாகவே இருக்கும். வாசகர் வருகிற வழியில் எங்கோ ஓர் அடைப்பு இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் விளம்பரத்துக்குக் காசு கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உங்கள் தளத்தில் காணும் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போங்கள். செலவில்லாத காரணங்கள் முதலில் வரும், செலவு வைப்பவை கடைசியில் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். அது இலவசம். எந்தச் சொல்லைத் தேடியவருக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருந்தீர்கள் என்று அது சொல்லும். பதினாறு மாதக் கணக்கை வைத்திருக்கும். அது இல்லாமல் கீழே உள்ள பாதிச் சோதனைகளைச் செய்ய முடியாது.

## அறிகுறி 1: எண்ணிக்கை திடீரென்று பூஜ்யமாகிவிட்டது, அல்லது நம்ப முடியாதபடி ஏறிவிட்டது

முதலில் கணக்கே சரிதானா என்று பாருங்கள்.

பூஜ்யம் என்றால்: அண்மையில் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவை (டெம்ப்ளேட்) மாற்றினீர்களா? பழையதில் ஒட்டியிருந்த, வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் குறிமுறை அதோடு போயிருக்கும். மாற்றவில்லை என்றால் குறிமுறையின் வயதைப் பாருங்கள். கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைக் கணக்கெடுப்பதை நிறுத்திக்கொண்டது. 'யூஏ' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் அடையாள எண் இன்னும் உங்கள் தளத்தில் இருந்தால், வாசகர்கள் வந்துகொண்டே இருக்கலாம். எண்ணுவதற்குத்தான் யாரும் இல்லை. புதிய பதிப்பில் கணக்குத் தொடங்கி அந்தக் குறிமுறையை ஒட்டுங்கள்.

திடீர் உயர்வு என்றால்: குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பற்றிய பதிவுக்கு, தமிழர் அதிகம் வாழாத ஒரு நாட்டிலிருந்து ஒரே இரவில் ஆயிரம் பேர் வந்தார்கள் என்று ப்ளாகர் (கூகுளின் வலைப்பூச் சேவை) காட்டினால், வந்தவை தானியங்கி நிரல்கள். சர்ச் கன்சோலின் சொடுக்குக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது உயரவில்லை என்றால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. ப்ளாகரில் உங்கள் சொந்த வருகையைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வசதியும் உண்டு. அதையும் போட்டுவிடுங்கள்; தன் பதிவைத் தானே இருபது முறை திறந்து பார்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.

இதற்கு நிபுணர் தேவையில்லை.

## அறிகுறி 2: கூகுளில் என் தளம் வரவே இல்லை

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, அதை ஒட்டியே தளத்தின் முகவரியை அடித்துத் தேடுங்கள். பக்கங்கள் வந்தால் அறிகுறி 3-க்குப் போங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

கதவு உள்ளிருந்து பூட்டியிருக்கிறதா? ப்ளாகரில் அமைப்புகளுக்குள் தனியுரிமைப் பகுதியில், தேடுபொறிகளுக்குத் தளம் தெரியலாமா என்று கேட்கும் பொத்தான் இருக்கிறது. மற்றொரு வலைப்பூ மென்பொருளான வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் வாசிப்புப் பகுதியில், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டம் இருக்கிறது. தளம் கட்டும்போது தற்காலிகமாக டிக் செய்துவிட்டு, பிறகு எடுக்க மறந்துபோகிற கட்டம் இது. ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்த வலைப்பூக்களை இந்த ஒரு டிக்கை எடுத்தே நான் வெளியே கொண்டுவந்திருக்கிறேன்.

தளம் புதியதா? சில வாரங்கள் பொறுங்கள். சர்ச் கன்சோலில் தளவரைபடத்தின் (தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியல்) முகவரியைக் கொடுங்கள். ப்ளாகரில் அது தானாகவே உருவாகும், வேர்ட்பிரஸிலும் 5.5 பதிப்பிலிருந்து தானாக வருகிறது. முக்கியமான பக்கங்களின் முகவரியைச் சர்ச் கன்சோலின் சோதனைப் பெட்டியில் இட்டு, சேர்க்கச் சொல்லி ஒருமுறை கோரிக்கை கொடுத்தால் போதும். நாள்தோறும் கோரிக்கை கொடுப்பதால் வேகம் கூடாது.

எழுத்து எழுத்தாகவே இருக்கிறதா? நம் பக்கத்து மூத்த எழுத்தாளர்களின் தளங்களில் நான் அடிக்கடி காண்பது இந்தக் கோளாறுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்து வைத்ததை அப்படியே ஒட்டியிருப்பார்கள். அவர்கள் கணினியில் தமிழாகத் தெரியும்; கூகுளுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். சோதனை எளிது: பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் அது எல்லாக் கருவியும் படிக்கும் யூனிகோட் முறை. குழம்பிப் போய் வந்தால் இலவச எழுத்துரு மாற்றியில் இட்டு மாற்றி, ஒற்றும் கொம்பும் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துத் திருத்துங்கள்.

தல வரலாற்றுத் துண்டறிக்கையைப் படமெடுத்துப் படமாகவே போடுவதும் இதே வகைதான். படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் அச்சிட்ட தமிழை அதுவே எழுத்தாக்கித் தரும். பிழை இருக்கும், திருத்திப் போடுங்கள். கையால் எழுதிய நோட்டு என்றால் சுருக்கத்தையாவது தட்டச்சு செய்யுங்கள்.

கூகுள் பார்த்தும் சேர்க்கவில்லையா? பக்கத்தைப் பார்வையிட்டேன், பட்டியலில் சேர்க்கவில்லை என்று சர்ச் கன்சோல் சொன்னால், பெரும்பாலும் அதே வாசகம் வேறு பல தளங்களிலும் இருக்கிறது என்று பொருள். கோயில் பதிவுகளில் தல புராணம் எல்லாத் தளத்திலும் ஒரே வரியாக இருக்கும். உங்கள் பதிவில் நீங்கள் நேரில் போனால் மட்டுமே தெரியக்கூடியவற்றைச் சேர்த்து, புராணத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள். நடை திறக்கும் நேரம், பேருந்து நிற்கும் இடம், எத்தனை படிக்கட்டு, வண்டி எதுவரை போகும் போன்றவை போதும்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: இத்தனைக்குப் பிறகும் தேடலில் ஒன்றும் வரவில்லை, அல்லது கூகுள் தண்டனை நடவடிக்கை எடுத்ததாக சர்ச் கன்சோல் அறிவிப்புக் காட்டுகிறது என்றால்.

## அறிகுறி 3: கூகுளில் காட்டுகிறது, ஆனால் யாரும் சொடுக்குவதில்லை

சர்ச் கன்சோலில் செயல்திறன் பகுதியைத் திறந்து சராசரி இடத்தைப் பாருங்கள். அங்கிருந்து வழி மூன்றாகப் பிரிகிறது.

### முதல் பத்துக்குள் இருந்தும் சொடுக்கு இல்லை

தலைப்புதான் காரணம். 'பசுமையில் ஒரு மாலைப்பொழுது' என்ற தலைப்பு அழகாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று தேடுகிற அப்பாவுக்கு அது எதையும் சொல்லவில்லை. 'அமிர்தி வனவிலங்குப் பூங்கா: வேலூரிலிருந்து போகும் வழி, நேரம், கட்டணம்' என்று வையுங்கள். அழகான வரியைப் பதிவின் முதல் பத்தியில் வைத்துக்கொள்ளலாம்.

### பதினொன்று முதல் முப்பதுக்குள் இருக்கிறது

இந்தப் பதிவுகள்தான் உங்கள் சொத்து. புதிதாக ஒன்று எழுதுவதைவிட இவற்றைத் திருத்துவது விரைவில் பலன் தரும். எந்தச் சொல்லைத் தேடி வந்தபோது இந்தப் பக்கம் காட்டப்பட்டது என்று பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதிவில் நேரடி விடை இருக்கிறதா? இல்லையென்றால் சேருங்கள். உங்கள் மற்ற பதிவுகளில் பொருத்தமான இடங்களிலிருந்து இதற்கு இணைப்புக் கொடுங்கள். பழைய பேருந்துக் கட்டணம், மாறிப்போன நேரம் ஆகியவற்றைப் புதுப்பியுங்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இங்கே இருக்கிறது. 1989-இல் வட ஆற்காடு இரண்டானது. 2019-இல் வேலூர் மூன்றானது. அதற்கு முன் எழுதிய பதிவுகளில் 'வேலூர் மாவட்டம் ஆம்பூர்', 'வேலூர் மாவட்டம் சோளிங்கர்' என்றுதான் இருக்கும். இப்போது ஆம்பூர், வாணியம்பாடி, ஏலகிரி, காவலூர் எல்லாம் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜாபேட்டை, சோளிங்கர், அரக்கோணம் இராணிப்பேட்டை மாவட்டம். இன்றைக்குத் தேடுகிறவர் புதிய மாவட்டப் பெயரோடு தேடுகிறார். ஒவ்வொரு பழைய பதிவிலும் இன்றைய மாவட்டப் பெயரைச் சேருங்கள். ஆனால் 'வட ஆற்காடு' என்பதை அழித்துவிடாதீர்கள். தாத்தாவின் பத்திரத்திலோ பள்ளிச் சான்றிதழிலோ அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஊர்ப்பெயர், கோயில் பெயர் எல்லாவற்றுக்கும் மக்கள் வழங்கும் மற்றப் பெயர்களையும் சேருங்கள். ஸ்ரீபுரம் என்று ஒருவர் தேடுவார், பொற்கோயில் என்று ஒருவர், தங்கக் கோயில் என்று இன்னொருவர். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரரை வழித்துணைநாதர் என்று தேடுபவரும் உண்டு. தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவோர் மிகுதி என்பதால், பதிவின் முடிவில் ஊர், கோயில் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒரு வரி கொடுத்தால் போதும். ஒரே சொல்லைப் பத்தி பத்தியாக அடுக்கி நிரப்பாதீர்கள். அது படிப்பவரையும் துரத்தும், கூகுளையும் எரிச்சலூட்டும்.

### முப்பதாவது இடத்துக்கும் பின்னால்

உங்களுக்கு எட்டாத சொல்லோடு மோதுகிறீர்கள். 'வேலூர் கோட்டை' என்ற சொல்லுக்கு விக்கிப்பீடியாவும் பெரிய சுற்றுலாத் தளங்களும் முன்னால் நிற்கின்றன. சிறிய வலைப்பூ அவற்றைத் தள்ளிவிட்டு மேலே போவது கடினம். அவர்களிடம் இல்லாததை எழுதுங்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்தது. 1981-இல்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டு வழிபாடு மீண்டும் தொடங்கியது. அந்த நாளை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதிய பக்கத்துக்கு எந்தப் பெரிய தளமும் போட்டிக்கு வர முடியாது. செலவு ஒரு பேருந்து டிக்கெட். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை எல்லாரும் போட்டார்கள். அதை விளைவிக்கும் வீட்டில் கடையும் குழம்பு எப்படி இருக்கும் என்று எழுதியவர் எத்தனை பேர்? ஒரு சிறு வலைப்பூவுக்கு வாசகரைக் கொண்டுவரும் வழிகளில் நான் முழு மனதோடு நம்புவது இதைத்தான்.

காலமும் ஒரு காரணம். வேலூர்ப் புரட்சி நாளான ஜூலை 10, விரிஞ்சிபுரம் கார்த்திகைக் கடை ஞாயிறு, குடியாத்தம் சிரசுத் திருவிழா வரும் வைகாசி முதல் நாள் ஆகியவை ஆண்டுதோறும் வரும். முந்தின நாள் இரவு பதிவு போட்டால் கூகுள் அதைக் கண்டுகொள்வதற்குள் திருவிழா முடிந்துவிடும். ஆறு முதல் எட்டு வாரம் முன்பே போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய பக்கம் தொடங்காமல், முகவரியில் ஆண்டு எண் இல்லாத ஒரே பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். அப்போது பழைய ஆண்டுகளின் மதிப்பு அந்தப் பக்கத்திலேயே சேரும்.

நிபுணர்: பொதுவாகத் தேவையில்லை. ஒரே மாதத்தில் முதலிடம் என்று உறுதி தருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

## அறிகுறி 4: வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று மட்டும் வருகிறார்கள்

செய்தி போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். அவர்களிலும் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்துவைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். நீங்கள் அனுப்பினீர்கள் என்பதால் அது கிடைத்துவிட்டது என்று ஆகாது. 2023 முதல் இந்தியாவில் இருக்கும் வாட்ஸ்அப் சேனலில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, செலவும் இல்லை.

இணைப்போடு படம் வருகிறதா? வெறும் முகவரி மட்டும் வந்தால் பலர் தொடுவதில்லை. பதிவில் ஒரு படமாவது இருக்கட்டும். படம் இருந்தும் பேஸ்புக்கில் பழையது வந்தால் அவர்களுடைய பகிர்வுச் சோதனைக் கருவியில் முகவரியை இட்டுப் புதுப்பியுங்கள். ப்ளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரி பொருளற்ற ஒரு பொதுப்பெயராகிவிடும். வெளியிடும் முன்பே ஊர்ப்பெயரோடு ஆங்கில எழுத்தில் முகவரியை நீங்களே கொடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால், ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் உடைந்துவிடும்.

பழைய வாசகர்கள் எங்கே போனார்கள்? 2010 வாக்கில் எழுதத் தொடங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஃபீட்பர்னர் வழியாக மின்னஞ்சலில் பதிவு போய்க்கொண்டிருந்தது 2021 ஜூலையோடு நின்றுவிட்டது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. உங்கள் தளத்தின் ஓரத்தில் அந்தப் பெட்டிகள் இன்னும் இருந்தால் எடுத்துவிட்டு, சேனல் இணைப்பை அங்கே வையுங்கள்.

ஊருக்குள்ளேயே வாசகர் இருக்கிறார். ஆற்காட்டில் மக்கன் பேடா செய்யும் கடையைப் பற்றி எழுதினீர்களானால், பதிவின் கியூஆர் குறியை ஒரு தாளில் அச்சிட்டுக் கடைக்காரரிடம் கொடுங்கள். தம் கடையைப் பற்றிய எழுத்தை அவர் மகிழ்ச்சியாகக் கல்லாப் பெட்டி அருகே ஒட்டுவார். நேரடியாக முகவரியைக் கொண்ட சாதாரணக் குறியையே உருவாக்குங்கள். சந்தாக் கட்டச் சொல்லும் தளங்கள் தரும் குறி, சந்தா முடிந்ததும் வேலை செய்யாமல் போகலாம்.

நீங்கள் எடுத்த நல்ல படங்களை உங்கள் பெயரோடு, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படத் தொகுப்பான விக்கிமீடியா பொதுவகத்திலும் ஏற்றுங்கள். பயன்படுத்துகிறவர்கள் உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும். அந்தப் பெயரைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள்.

## அறிகுறி 5: வருகிறார்கள், உடனே போய்விடுகிறார்கள்

வைஃபையை அணைத்துவிட்டு, சாதாரணக் கைபேசியில், மொபைல் டேட்டாவில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். முடிந்தால் ஏலகிரி மலைப்பாதையில் போகும்போது திறந்து பாருங்கள். உங்கள் வாசகரின் நிலைமை புரியும்.

தானாகப் பாடத் தொடங்கும் சுப்ரபாதம், ஓடும் எழுத்து, கடிகாரம், வருகைக் கணக்குப் பெட்டி ஆகியவற்றை இன்றே எடுத்துவிடுங்கள். பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் பாட்டுச் சத்தம் கேட்டதும் பக்கத்தை மூடிவிடுவார்.

கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்.பி. இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, ஸ்குவூஷ் போன்ற இலவசக் கருவியில் சுருக்கினால் இருநூறு கே.பி.க்குள் வந்துவிடும். பிறகு கூகுளின் பேஜ்ஸ்பீடு சோதனையில் பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிந்தால் நல்லது.

கேட்டதற்கு விடை முதல் பத்தியிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். நடை சாத்தும் நேரத்தைத் தேடி வந்தவரைப் பல்லவர் காலத்திலிருந்து நடக்க வைக்காதீர்கள்.

செலவு: படங்களைக் குறைத்த பிறகும் வேர்ட்பிரஸ் தளம் மெதுவாக இருந்தால் மட்டும் வேறு சேவையகத்துக்கு (தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினி) மாறுவதை யோசியுங்கள். மாற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

## அறிகுறி 6: நன்றாக ஓடிய தளம் திடீரென்று படுத்துவிட்டது

தளம் திறக்கிறதா? வேறொருவர் கைபேசியில் பாருங்கள். திறக்கவில்லை என்றால் டொமைன் (தளத்தின் சொந்த முகவரிப் பெயர்) காலாவதி ஆகியிருக்கலாம். புதுப்பிக்கும் அறிவிப்பு நீங்கள் பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். அன்றே கட்டுங்கள். நாள் கடந்தால் மீட்கும் கட்டணம் பல மடங்காகும். பெயரே வேறொருவர் கைக்குப் போகவும் கூடும்.

பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை வருகிறதா? இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் பாதுகாப்புச் சான்றிதழ் குறுகிய காலத்துக்கே செல்லும். தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். அது நின்றுபோயிருக்கலாம். சேவையகம் தருபவரிடம் கேட்டால் பெரும்பாலும் கட்டணமில்லாமல் சரிசெய்வார்கள்.

முகவரி மாற்றினீர்களா? பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் நிரந்தரத் திசைமாற்றம் இல்லாவிட்டால் சேர்த்த மதிப்பெல்லாம் போய்விடும்.

சென்ற ஆண்டும் இதே வாரம் விழுந்ததா? சர்ச் கன்சோலில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏலகிரிப் பதிவுகளுக்குப் பள்ளி திறந்ததும் வருகை குறைவது இயல்பு.

கூகுள் தன் கணக்கை மாற்றியதா? தேடல் முறையில் பெரிய மாற்றம் செய்யும்போது கூகுள் தன் நிலவரப் பக்கத்தில் நாள் குறிப்பிட்டு அறிவிக்கிறது. நாள் ஒத்துப்போனால் பதற்றத்தில் பதிவுகளை அழிக்காதீர்கள். மாற்றம் முழுதும் முடியும்வரை பொறுத்து, விழுந்த பக்கங்களை மட்டும் திருத்துங்கள்.

தேடலில் உங்கள் தளத்தின் பெயரில் ஜப்பானிய எழுத்தோ மருந்து விளம்பரமோ வருகிறதா? தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். இங்கே நீங்களே முயலாதீர்கள். கடவுச்சொற்களை மாற்றிவிட்டு அன்றைக்கே நிபுணரை அழையுங்கள். ஒளிந்திருக்கும் கோப்பு ஒன்று மிஞ்சினாலும் மறுபடி புகுவார்கள்.

## அறிகுறி 7: பணம் கொடுத்தேன், பயனில்லை

சில நூறு ரூபாய்க்குப் பத்தாயிரம் வருகை என்று விற்பவர்கள் தருவது தானியங்கி வருகை. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் வைத்திருப்பவருக்கு அது கேடு. போலி வருகைக்காகக் கணக்கையே மூடிவிடுவார்கள். பேஸ்புக்கில் பணம் கட்டிப் பதிவைத் தள்ளினால் உண்மையான ஆட்கள் வருவார்கள், ஆனால் பணம் நின்ற அன்றே அவர்களும் நின்றுவிடுவார்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் சொந்த டொமைன் பெயர் வாங்குங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். மிச்சத்தை ஊர் சுற்றி எழுதச் செலவிடுங்கள்.

## நிபுணரிடம் கொடுக்கும்போது

முதலில் நகல் எடுங்கள். ப்ளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தராதீர்கள். சர்ச் கன்சோலில் அவரைப் பயனராகச் சேருங்கள், வேர்ட்பிரஸில் தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்துகொடுத்தவர் பெயரில் இருந்து, அவர் ஊர் மாறிப் போனதும் தளத்தை இழந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். என்ன கோளாறு, எதை மாற்றினார் என்று எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த அன்றே அவருக்குக் கொடுத்த அனுமதியை நீக்கிவிடுங்கள்.